தட்டாமல் தாங்கும் கல்

ரிட்டயர் ஆனதும் எங்க வீட்டுக்காரர் ஏசுராஜுக்குப் பிடிச்ச பைத்தியம் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. வெளிநாட்டுல நாங்க இருக்கிற ஆலன் ஊர்ல மத்த அங்கிள்ஸ் எல்லாம் வாக்கிங் போவாங்க. இவர் பழங்காலத் துப்பாக்கி கிளப்ல சேர்ந்து குறி அட்டையைச் சுட்டுக்கிட்டிருப்பார். விசையை அழுத்தினா கல்லு இரும்புத் தகட்டுல மோதி, பொறி பறந்து, வெடிமருந்து பத்திக்கணும். கல்லு மழுங்கினா பொறி வராது. அப்போ சின்னச் சுத்தியால அதோட விளிம்பைப் பட்டும் படாம தட்டிக் கூராக்கணும்.

அந்தத் தட்டுறதுதான் எங்க பிரச்சினை.

போன வருஷத்துலேர்ந்து அவர் வலது கை நடுங்குது. காபியை அரை டம்ளர் ஊத்தினா போதும்னார், சூடு ஜாஸ்தியாம். பட்டன் சட்டையை விட்டு டி-ஷர்ட்டுக்கு மாறினார். டாக்டர்னு வாயைத் திறந்தாலே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார். துப்பாக்கியை மேஜையில மணல் மூட்டை மேல சாய்ச்சுட்டா நடுக்கம் அடங்கிடும். ஆனா சுத்தியை எடுத்தா பத்து பேர் எதிர்ல குட்டு உடைஞ்சிடும். ஒரு போட்டி முழுக்கத் தட்டாமலே தாங்குற கல்லு வேணும். அவர் அப்படிச் சொல்லலை. "அடிக்கடி கல்லு வாங்குறது வேஸ்ட், ஞானம்"னார். நானும் நம்பின மாதிரி தலையாட்டினேன். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி இந்த நடிப்புகூட வரலைன்னா எப்படி?

கல்லு பொறுக்குற வேலையை நானே எடுத்துக்கிட்டேன். மெஷின்ல அறுத்த கல்லு பார்க்க லட்சணமா இருக்கும், சீக்கிரம் மழுங்கிடும். கையால உடைச்சதுதான் உழைக்கும். வெள்ளைத் திட்டு இருந்தா அந்த இடத்துல உதிர்ந்து போகும். முதுகு தட்டையா இல்லைன்னா, துப்பாக்கியில கல்லைக் கவ்வுற பிடியில ஆடும். வெயில்ல பிடிச்சா விளிம்புல ஒரு கீறல் தெரியக்கூடாது. இண்டியன் ஸ்டோர்ல வெண்டைக்காய் பொறுக்குற மாதிரி ஒவ்வொண்ணா புரட்டினேன். விக்கிறவர் பெருமூச்சு விட்டார். விடட்டும்.

வருஷப் போட்டி அன்னிக்கு நான் பொறுக்கின கல்லு பாதி ஆட்டம் வரைக்கும் பிரமாதமா பொறி விட்டுச்சு. அப்புறம் ஒரு தடவை மருந்து தாமதமா பத்திக்க, குண்டு அட்டையை விட்டே போயிடுச்சு. கல்லு மழுங்கிடுச்சு. அவர் சுத்தியை எடுத்தார். கீழே வச்சார். மறுபடி எடுத்தார். பக்கத்துல சுடுறவர் திரும்பிப் பார்த்தார். வேடிக்கை பார்க்கிறவங்களுக்குக் கட்டின கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு கல்லைத் திட்டினேன். பாழாப்போன கல்லு, உன்னை எவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்தேன். எனக்கு வயித்து வலின்னு சொல்லி அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னு பொய்யைக்கூட ரெடி பண்ணிட்டேன். ஆனா போனா இனிமே இந்தப் பக்கமே வரமாட்டார்.

அதுக்குள்ள அவரே போட்டியை மேற்பார்வை பண்றவரைக் கூப்பிட்டு, என் கை நடுங்குது, என் வைஃப் வந்து பண்ணட்டுமான்னு இங்கிலீஷ்ல எல்லாருக்கும் கேக்குற மாதிரி கேட்டார். அந்த ஆள் துப்பாக்கி காலியான்னு பார்த்துட்டு சரின்னார்.

நான் கிட்டப் போனேன். சுத்தியை என் கையில வச்சார். அப்புறம் எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "எனக்கு பயமா இருக்கு, ஞானம்"னார்.

கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு. கல்லைப் பார்த்தபடியே, "திங்கட்கிழமை டாக்டர்கிட்ட போறோம்"னேன்.

"போலாம்"னார்.

ஒரு கேள்வி கேக்கலை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை. கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மனுஷன் எதுக்கும் இவ்வளவு சீக்கிரம் சரின்னு சொன்னதே இல்லை. அப்போதான் எனக்கும் பயம் வந்துச்சு.