பெடலில் வேம்புலியின் கால்

திருமழிசை தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பிரஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர். தகட்டை உள்ளே வைத்துவிட்டுக் கையை எடுப்பது என் வேலை. பெடலை மிதிப்பது வேம்புலியின் வேலை. வை, எடு, மிதி. ஏழு வருடமாக இதே தாளம். பக்கத்து மெஷின்காரனைக் கிண்டல் செய்துகொண்டே மிதிப்பான்.

தொண்ணூற்று நாலில் என் வலது கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு, வைத்த இடத்திலேயே நிற்க ஆரம்பித்தது. எடு என்று நினைப்பேன், எடுக்காது. மூளையில் டோபமின் குறைகிறது, அதனால்தான் அசைவு மெதுவாகிறது என்று பூந்தமல்லி டாக்டர் மாத்திரை எழுதினார். வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. பரமக்குடியில் இருக்கும் மனைவிக்கும் எழுதவில்லை.

வேம்புலியிடம் அசதி என்று மட்டும் சொன்னேன். மறுநாளே ஒரு பாட்டிலோடு வந்தான்.

"இந்தா அண்ணாத்தே, அமினோ ஆசிட் டானிக்கு. எங்கக்கா புருஷன் ஜிம்முல இதான் குடிக்கிறாரு."

"பலம் வந்துச்சா?"

"எங்கக்காவையே சமாளிக்கிறாரு, பாத்துக்கோ."

டோபமினே அமினோ ஆசிட்டிலிருந்துதான் உண்டாகிறது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் சரியாகும் என்று, தினமும் மாத்திரையை அந்த டானிக்கிலேயே விழுங்கினேன். கை இன்னும் மோசமானது. டானிக்கை இரண்டு மூடியாக்கினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தகட்டை வெட்டும் டைக்கு அடியில் கை நின்றுவிட்டது. தகட்டின் மேல் நான்கு விரல்கள், வேறு யாருடையவோ மாதிரி. குரலும் வரவில்லை. அடுத்தது மிதி. கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் வரவில்லை. வேம்புலி சுற்றி வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே எடுத்து வைத்தான்.

"ஒரு மாசமா உன் கைய பாத்துதான் மிதிச்சுகினு கீறேன். நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

அன்று சாயந்திரம் அவனே டாக்டரிடம் அழைத்துப் போனான். பாட்டிலைப் பார்த்ததும் டாக்டர் தலையில் கை வைத்தார்.

"மாத்திரையும் இதுவும் மூளைக்குள்ள ஒரே வாசல் வழியாத்தான் போகணும். இது முந்திக்கிட்டா மாத்திரை வெளியிலயே நிக்கும். இனிமே வெறும் வயித்துல, தண்ணியில மட்டும் போடுங்க."

"நாந்தான் சார் குடுத்தேன்" என்றான் வேம்புலி.

பத்து நாளில் கை கொஞ்சம் சொன்னபடி கேட்டது. ஆனால் இப்போது பிரஸ்ஸில் கிண்டல் இல்லை. ஒவ்வொரு தகட்டுக்கும் வேம்புலி கேட்கிறான்.

"எட்த்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

சொல்லிவிட்டு, நிஜமாகவே எடுத்துவிட்டேனா என்று ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்கிறேன்.