டாக்டர் பரணில் இருக்கிறார்

டாக்டர் அருமைநாயகம் பரணில் உட்கார்ந்துதான் வேலை பார்ப்பார். கீழே மேசையில் இருப்பவள் ஜெசிந்தா, அவருடைய மருத்துவ உதவியாளர். அவள் மருந்து எழுதலாம். ஆனால் டாக்டரின் மேற்பார்வையில்தான் எழுத வேண்டும் என்பது விதி. மேலேயிருந்து பார்ப்பதற்குப் பரண்தான் வசதி. அவர் பார்க்காதபோது அவள் பேனாவில் மை இறங்காது. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அன்று காலை அவள் வந்தபோது பரண் உயர்ந்திருந்தது. முந்தின வாரம் சோதனைக்கு வந்த அதிகாரிகள், மேற்பார்வையில் உயரம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சுவர்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும். மின்விசிறி ஒரு தும்பி அளவுக்குத் தெரிந்தது. அதற்கும் மேலே டாக்டரின் கால்கள் தொங்கின.

முதல் ஆளாகப் பேச்சித்தாய் வந்தாள். தன் கணவர் திரவியத்தைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்திருந்தாள். அவருக்கு இளைப்பு. பேச்சு வரவில்லை. உதடு நாவற்பழம் தின்றவருடையதைப் போலக் கறுத்திருந்தது. என்ன மருந்து என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். சீட்டை இழுத்து வைத்தாள். பேனா எழுதவில்லை.

அண்ணாந்து கூப்பிட்டாள். பதில் கீழே வந்து சேரக் கொஞ்சம் நேரமானது.

"யாரு?"

"ஜெசிந்தா, டாக்டர். கொஞ்சம் கீழ பாருங்க. ஆளுக்கு மூச்சு முட்டுது."

"இப்ப முடியாதும்மா. எனக்கு மேல ஒருத்தர் இருக்காரு. அவரு பாக்காரான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

மேலே இன்னொருவர் இருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது. அவர் யார் என்று கேட்பதா, திரவியத்தின் முதுகைத் தடவுவதா என்று குழம்பினாள். பிறகு சுவரோரம் இருந்த இரும்பு ஏணியில் ஏறினாள். டாக்டரின் முகத்தையாவது பிடித்துக் கீழே திருப்பிவிடலாம் என்று நினைத்தாள்.

ஏற ஏற ஏணி நீண்டது. ஜன்னலுக்கு வெளியே பஸ் நிலையம் தெரிந்தது. அடுத்த ஜன்னலில் மொட்டைமாடிகளும் காயும் துணிகளும். அதற்கடுத்த ஜன்னலில் ஒரு பருந்து அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. டாக்டரின் கால்கள் அதே தூரத்தில்தான் இருந்தன.

பேச்சித்தாயின் குரல் மட்டும் காதருகே கேட்டது. "சிஸ்டர், இவருக்குக் கண்ணு சொருகுது."

ஜெசிந்தா ஏறுவதை நிறுத்தினாள். இறங்கினால் அதற்குள் ஆள் போய்விடுவார். ஏறினாலும் போய்விடுவார். ஏணியைக் கட்டிப்பிடித்தபடி கீழே பார்த்தாள். அப்போதுதான் தான் மேலே இருப்பதும், பார்த்துக்கொண்டிருப்பதும் அவளுக்கு உறைத்தது.

பேச்சித்தாயைத் தன் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். பேனாவை எடுக்கச் சொன்னாள்.

பேச்சித்தாய் உட்கார்ந்தாள். ஜெசிந்தா மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகக் கத்தினாள்.

"சிஸ்டர், காத்துதான் வருது. பேரு வரலை."

மறுபடி கத்தினாள். மறுபடியும் காற்றுதான் போனது. பேச்சித்தாய் கணவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து 'மூச்சு' என்று எழுதினாள். பேனா எழுதியது.

சீட்டை மருந்து கொடுக்கும் ஜன்னலில் நீட்டினாள். உள்ளேயிருந்தவர் அதைப் படித்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும் கேட்டார். இப்பவே என்றாள். அவர் ஒரு பொட்டலம் மடித்துத் தந்தார். அதில் கனமே இல்லை. அதைப் பிரித்துக் கணவரின் மூக்கருகே பிடித்தாள்.

திரவியத்தின் நெஞ்சு ஒரு தடவை மேலே எழும்பி, மெல்ல இறங்கியது. இன்னொரு தடவை எழும்பியது. உதட்டில் நிறம் திரும்பியது. டீ கிடைக்குமா என்று கேட்டார்.

அவ்வளவு உயரத்திலிருந்தே ஜெசிந்தாவுக்கு அது கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கக் காலை நீட்டினாள். கீழே படி இல்லை. காலால் துழாவிப் பார்த்தாள். ஏணி அவள் நின்ற இடத்திலேயே முடிந்திருந்தது.

கன்னம் வீங்கிய ஒருவர் உள்ளே வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். பேச்சித்தாய் எழுந்திருக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று அவரிடம் விசாரித்தாள். புதுச் சீட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அண்ணாந்தாள்.

"பாக்கீங்களா, டாக்டர்?"

ஜெசிந்தா பார்த்தாள்.