ஒரு பைட் கூட மாறக் கூடாது

கணினியின் மைய மென்பொருளான கெர்னலில் பெயர் மாற்றும் வேலையை எனக்குத் தந்தபோதே புரிந்துவிட்டது, என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார்கள். பயிற்சிக் காலம் முடிய நான்கு நாள்தான் பாக்கி. ஒரே நெட்வொர்க் சிப்புக்கு மூன்று கோப்புகளில் மூன்று பெயர்கள். எல்லாவற்றையும் ஒரே பெயராக்கி, அதன் அடையாள எண்ணை ஒரே இடத்தில் எழுத வேண்டும்.

அம்மா போனில் சிரித்தாள். "பேர் வைக்கவாடி நாலு வருஷம் படிச்ச? உனக்கு நான் அரை நிமிஷத்துல வெச்சேன்."

இந்த வேலைக்கு ஒரு சோதனை உண்டு. பெயர் நமக்காக, மெஷினுக்கு எண் மட்டும் போதும். அதனால் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மெஷின் மொழிக்குக் கம்பைல் செய்து ஒப்பிட்டால் ஒரு பைட் கூட மாறக் கூடாது.

முதல் இரண்டு கோப்புகள் அச்சு அசலாக இருந்தன. மூன்றாவதில் ஒரு பைட் மாறியிருந்தது.

"பேரை மாத்தச் சொன்னா புரோகிராமையே மாத்தி வெச்சிருக்க" என்றார் டீம் லீடர்.

"நான் எதையும் மாத்தல சார்."

"அப்போ பேய் வந்து மாத்துச்சா?"

"வந்திருந்தா அதையே வேலைக்கு வெச்சுக்கங்க. எனக்கு அந்தச் சிப் இருக்கிற போர்டைக் குடுங்க."

மூன்றாவது கோப்பு, தூங்கும் சிப்பை எழுப்புவது. போர்டைத் தூங்க வைக்கத் தொடங்கிய இந்த மூன்று வாரமாக மொத்த டீமும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான்: போர்டு தூங்கி எழுந்தால் நெட்வொர்க் எழுவதில்லை.

யாருடைய கோப்பையும் நம்பாமல் சிப்பையே கேட்டேன். நகத்தளவுகூட இல்லாத அது, தனக்குள் பொறித்திருந்த எண்ணைத் திரையில் சொன்னது. நான் எழுதிய அதே எண்; மூன்றாவது கோப்பில் முன்பு இருந்ததுதான் வேறு.

பழைய மாடலின் கோப்பை நகலெடுத்த எவனோ பெயரை மட்டும் மாற்றிவிட்டு எண்ணை அப்படியே விட்டிருக்கிறான். பெயர் புதிதாக இருந்ததால் ஆறு வருடமாக ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சிப்போ கேட்ட போதெல்லாம் உண்மையையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காலையிலிருந்து சுமந்து வந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

என் மாற்றத்தை ஏற்றி, லீடர் போர்டைத் தூங்க வைத்தார். எழுப்பினார். நெட்வொர்க்கின் பச்சை விளக்கு எரிந்தது.

"இன்னொரு தரம்" என்றார். எரிந்தது. இருபது தரம் தூங்க வைத்தோம், இருபது தரமும் எழுந்தது. அவர் குரல் இறங்கியிருந்தது.

"இந்த மாதிரி இன்னும் நாப்பது சிப் இருக்கு. அடுத்த வாரம் நீதான் பாக்கணும்."

சுருக்கென்று ஏதாவது கேட்க வாயெடுத்தேன். நாற்பதில் எத்தனை தூங்கிக்கிடக்கின்றனவோ என்ற நினைப்பில் அதை விட்டுவிட்டு, நாற்பதின் பட்டியலைக் கேட்டேன்.