அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள்

மில்லிக்கன் பகுதியிலுள்ள வீட்டின் பேஸ்மென்டில் லெஸ்லி இருபத்தைந்து வருடமாகச் சேர்த்த அறுநூற்றுப் பதினான்கு தமிழ்ப் பட டிவிடிகள் இருந்தன. அவற்றைப் போட்டுப் பார்க்கிற பிளேயர் போன கோடையில் பழுதாகிப்போனது. எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றித் தருவதாக மகன் கிளிபோட் சொன்னான். தான் குடியிருக்கிற விட்பியிலிருந்து அடுத்த லோங் வீக்கென்டுக்கு, மூன்று நாள் சேர்ந்த விடுமுறைக்கு, வருவதாகச் சொன்னான். அப்படி மூன்று லோங் வீக்கென்டுகள் போயின.

லெஸ்லியின் மனைவி றெஜினாவுக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் தரம் பார்க்கிற வேலை செய்து ஓய்வுபெற்றவள் அவள். கடைக்குப் போய், மடிக்கணினியில் செருகுகிற டிவிடி ட்ரைவ் ஒன்றும் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வாங்கிவந்தாள். இணையத்தில் ஒரு பெண் விளக்கியதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, தாளில் எழுதிக்கொண்டாள். ஒரு படம் மாற முக்கால் மணித்தியாலம் எடுத்தது. ஒன்றைப் போட்டுவிட்டுக் கறி வைப்பாள், உடுப்பு மடிப்பாள், வந்து அடுத்ததைப் போடுவாள்.

நாற்பது படங்கள் முடிந்திருந்தன. ஒருநாள் மத்தியானம் லெஸ்லி அதிலொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கையில், கதாநாயகி சட்டென்று திரும்பினாள். அவள் முகத்தின் ஓரம் சீப்புப் பல்லுப் போலக் கோடு கோடாகப் பிரிந்தது. லெஸ்லிக்கு ஒன்றும் தெரியவில்லை; பக்கத்தில் நின்ற றெஜினாவின் கண்ணில் பட்டுவிட்டது. அவள் மற்றப் படங்களையும் திறந்து பார்த்தாள். நாற்பதிலும் அதே கோடுகள்.

கிளிபோட்டுக்குப் போன் எடுத்தாள். பழைய வீடியோவில் ஒவ்வொரு படச்சட்டமும் ஒன்றுவிட்ட கோடுகளாக இரண்டு பாதியாகப் பதிந்திருக்கும், மாற்றும்போது அவற்றை ஒன்றுசேர்க்கிற செட்டிங்கைப் போட்டுவிட வேண்டும் என்று அவன் விளங்கப்படுத்தினான்.

"ஆனா செய்ததை அப்பிடியே விடுங்கோ அம்மா. ஒருத்தரும் அதை நோட்டிஸ் பண்ணமாட்டினம்."

"எனக்குத் தெரியுதெல்லே தம்பி. தெரிஞ்சுகொண்டு எப்பிடி விடுறது?"

நாற்பதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். கீறல் விழுந்த பதினொரு டிஸ்க்குகளை ட்ரைவ் வாசிக்க மறுத்தது. அவற்றைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தாள். ஒன்பது தேறின. மற்ற இரண்டுக்கும் தன்னாலான எல்லாம் செய்து பார்த்துவிட்டு, பட்டியலில் 'இல்லை' என்று எழுதினாள்.

உயிர்த்த ஞாயிறன்று கிளிபோட் தன் மனைவியோடும் மாமனார் அன்புராசாவோடும் விருந்துக்கு வந்தான். லெஸ்லி ஹார்ட் டிஸ்க்கைத் தொலைக்காட்சியில் செருகிப் போட்டார். அறுநூற்றுப் பன்னிரண்டு படங்களும் தமிழ்ப் பெயரும் வருடமுமாக வரிசையில் நின்றன. கிளிபோட் ஒரு நடனக் காட்சியை எடுத்து, அங்கங்கே நிறுத்தி, கிட்டப் போய்ப் பார்த்தான்.

"நான் செய்திருந்தா இவ்வளவு கிளீனா வந்திருக்காது" என்றான்.

தன் வீட்டிலும் மூன்று பெட்டி டிவிடி கிடப்பதாக அன்புராசா மருமகனிடம் மெல்லத் தொடங்கினார்.

"என்னட்டைக் கேக்காதேங்கோ மாமா. அம்மாட்டைக் கேளுங்கோ."

அன்புராசா கதிரையைத் திருப்பிக்கொண்டு றெஜினாவிடம் முறையாகவே கேட்டார். அவளுக்கு உள்ளுக்குள் பூரித்துப்போனது. அதை மறைக்கவும் இல்லை.

"கொண்டுவாங்கோ அண்ணை. அவசரப்படுத்தக் கூடாது. ஒவ்வொண்டையும் நான் பாத்துத்தான் தருவன்."