இரண்டு தடவை அமுக்குகிறவன்

அலெக்சாண்டர் வீட்டுக்கு 'பிளட் ரிங்' சண்டை வீடியோ கேமின் ஏழாம் பாகம் வந்துவிட்டது என்று எனக்குச் சொன்னது அவன் இல்லை, கேம் கடை சிங்காரவேல் அண்ணன். அதிலேயே எனக்குப் பாதி வயிறு எரிந்துவிட்டது.

அண்ணனின் கடை மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். ஆறாம் பாகம் ஓடுகிற பெட்டி ஒன்றே ஒன்றுதான் அங்கே. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று சண்டை போடலாம். தெருவில் லாரி போகப்போக நிலக்கரித் தூசி வந்து பட்டன்களுக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும். முதல் அமுக்கு தூசிக்கு, இரண்டாவதுதான் ஆட்டத்துக்கு. உதைக்க வேண்டுமா, டப் டப் என்று இரண்டு தடவை அமுக்க வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து நானும் அலெக்சாண்டரும் அப்படித்தான் பழகினோம்.

அவன் அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், போகாத கரண்ட், நிற்காத தண்ணீர். என் அப்பா அதே சுரங்கத்தில் காண்டிராக்ட். எங்களுக்கு வாடகை வீடு. அவனுக்கு பைக் வந்தது, கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சீட்டு வந்தது. எனக்கு வந்தது டிப்ளமாவும், அப்பா பார்க்கிற அதே காண்டிராக்ட் வேலையும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். சண்டை என்னிடம் இருந்ததே! அந்தப் பெட்டியில் அவன் என்னை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

அவன் லீவுக்கு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை நானே அவன் வீட்டுக்குப் போனேன். "வா வளவா, நல்லா இருக்கியா?" என்று அவன் அம்மா லூர்துமேரி ஜூஸ் கொடுத்தார்கள். சோபா, பெரிய டிவி, தூசியே தெரியாத கேம் ரிமோட்டு. நான் எப்போதும் எடுக்கிற மொட்டைத்தலை பயில்வான் இந்தப் பாகத்தில் தாடி வைத்து நரைத்துப்போயிருந்தான். பரவாயில்லை, என் ஆள்தானே என்று எடுத்தேன்.

டப் டப். மொட்டை உதைக்கவில்லை. எதிராளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். ஏழாம் பாகத்தில் இரண்டு தடவை அமுக்கினால் அதுதான் அர்த்தமாம். அலெக்சாண்டர் முதுகிலேயே போட்டுச் சாத்தினான்.

"ஒரு தடவ அமுக்குனா போதும்டா. இது நல்ல பட்டன்," என்று சிரித்தான்.

அந்த 'நல்ல'தான் எனக்குச் சுருக்கென்று ஏறியது. ஒரு தடவை, ஒரு தடவை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விரல் கேட்டால்தானே! ஆட்டத்துக்கு ஆட்டம் மொட்டை திரும்பித் திரும்பி நின்று உதை வாங்கினான். ஹாஸ்டலில் மாதக்கணக்காக இதைத்தான் ஆடுகிறானாம். என்னிடம் மூச்சு விடவில்லை.

"நாளைக்குக் கடைக்கு வாடா. அங்க பாத்துக்கலாம்," என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் பைக்கில் வந்தான். பழைய கூட்டம் சுற்றி நின்றது. ஆட்டம் தொடங்கியதும் அவன் பட்டனை அமுக்கினான், ஒரே ஒரு தடவை. அவன் ஆள் சும்மா நின்றான். அலெக்சாண்டர் குனிந்து பட்டனைப் பார்த்தான். நான் டப் டப் என்று உதைத்தேன். மறுபடி ஒரு தடவை அமுக்கினான். மறுபடி உதைத்தேன். இரண்டு ரவுண்டும் எனக்குத்தான்.

"வளவன்னா வளவன்தான்!" என்று அண்ணன் என் முதுகில் தட்டினார்.

தோற்ற கோபம் அலெக்சாண்டர் முகத்தில் வரும் என்று பார்த்தேன். அதற்காகத்தானே கூப்பிட்டேன்! அவன் கைக்குட்டையால் விரலில் ஒட்டிய கறுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மறந்தே பூட்டண்டா," என்றான் சந்தோஷமாக. "இத்தினி நாளு இதுல எப்படிதான் ஆடிக்கினு இருந்தமோ!"

"இன்னொரு ஆட்டம் போடு."

"வேணாம்டா. வூட்டுக்கு வா, ஏழுல ஆடலாம்."

அவன் தோற்றதுகூட எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் தூசியை அவன் கை மறந்துவிட்டது. என் கைக்கு எப்போது மறக்கும்? அவன் வெளியே போய் பைக் ஸ்டார்ட்டர் பட்டனை ஒரே ஒரு தடவை தொட்டான். கிளம்பிவிட்டது.

ஜெயித்தவன் தொடர்ந்து ஆடலாம் என்பது பெட்டியின் கணக்கு. திரையில் அடுத்த எதிராளி வந்து நின்றான். நான் பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன்.

மொட்டை அசையாமல் நின்று அடி வாங்கினான்.