முத்திரையும் ரப்பர் பூட்ஸும்

இப்போதெல்லாம் ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. முத்திரை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். முட்டைப் பெட்டியில் முத்திரை, தேன் புட்டியில் முத்திரை. கன்றுக்குட்டிக்குக் காதில் மஞ்சள் அட்டை. இதையெல்லாம் ஓரெஸ்ட் ஹ்னாட்டியுக் பொறுத்துக்கொண்டார். ஆனால் பெரோகிக் கொழுக்கட்டையும் பீரும் வயிறு முட்ட இறக்கிவிட்டு ஆடுகிற ஞாயிற்றுக்கிழமை ஸாஃப்ட்பால் மட்டைப் பந்தாட்டத்துக்கும் முத்திரை வேண்டும் என்றபோது அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இறுதி ஆட்டம். வாரநாளில் கூட்டுறவு வங்கிக் கவுண்டரில் உட்காரும் வெர்லா ஃப்ரீஸன்தான் நடுவர். இரண்டு அணிகளின் மட்டைகளையும் புல்லில் வரிசையாகப் படுக்கவைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பிணப் பரிசோதனை செய்கிறவளைப் போலக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இது யாரோடது?"

"தெரியாத மாதிரி கேக்காதம்மா. என்னோடதுதான்."

"முத்திரை எங்க?"

"தேஞ்சு போச்சு."

"தேஞ்சா செல்லாது."

பந்தை வெறிகொண்டு பறக்கவைக்கும் மட்டைகளைத் தடுக்கத்தான் அந்த முத்திரை. ஓரெஸ்டின் அலுமினிய மட்டையோ குளிர்காலத்தில் தானியக் கொட்டகைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, கோடையில் நாற்றம் பீய்ச்சுகிற ஸ்கங்க்கை விரட்டி, நெளிந்து போனது. அதில் பட்ட பந்து கிழட்டுக் கோழி மாதிரி கொஞ்ச தூரம் தத்திவிட்டு உட்கார்ந்துவிடும்.

"இதால அடிச்சா கொசு கூடச் சாகாதும்மா!"

"கொசுவைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல, ஓரெஸ்ட்."

அடுத்தது எதிரணி கோல்ட்டனின் மட்டை. அதைப் பட்டணத்துக்கு அனுப்பி, இயந்திர உருளைகளுக்கு நடுவில் கொடுத்து நசுக்கி, பந்து இரண்டு மடங்கு வேகத்தில் தெறிக்கும்படி பழக்கி வாங்கியதாக அவனே ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தான். முத்திரை பளபளவென்று இருந்தது. வெர்லா தலையாட்டினாள்.

"அவன் என்ன பண்ணி வெச்சிருக்கான்னு ஊருக்கே தெரியும்!"

"ஊருக்குத் தெரியறத நான் பாக்க முடியாது. மட்டைல தெரியறதத்தான் பாப்பேன்."

"பெரிசு, பயமா இருந்தா சொல்லு, தடவிக் கொடுக்கறேன்," என்றான் கோல்ட்டன்.

"உன் பொண்டாட்டியத் தடவிக் கொடு, போ."

வெர்லா கீழே பார்த்தாள். "காலைக் காட்டுங்க. காலணி அடியில இரும்பு முள்ளா? உலோகம் கூடவே கூடாது."

"நான் எறிஞ்சிட்டு நின்ன இடத்துல நிக்கறவன். யாரை மிதிக்கப்போறேன், எறும்பையா?"

அணித் தலைவன் ட்ரெவர் ஓடிவந்தான். ஓரெஸ்டின் அக்கா மகன். அவரை ஓரமாக இழுத்தான். "மாமா, மல்லுக்கு நிக்காதீங்க. அடுத்த வருஷம் பந்து எறிய வேற ஆளைப் போடணும்னு பசங்க ஏற்கனவே குடைஞ்சுக்கிட்டு இருக்காங்க. இன்னிக்கு ஜெயிச்சுட்டா வாயை மூடிக்குவாங்க. தோத்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஓரெஸ்ட் தன் வண்டிக்குப் போனார். பன்றிக் கொட்டில் கழுவுகிற ரப்பர் பூட்ஸ் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே வாளி மாதிரி வாய் பிளந்திருந்தது. மாட்டிக்கொண்டு வந்தார். வெர்லா அவரை ஒரு சுற்று சுற்றிவந்தாள்.

"மூடின காலணி. உலோகம் இல்ல. செல்லும்."

வாடையைப் பற்றி விதி எதுவும் இல்லை போலிருக்கிறது.

அவர் நன்றாகவே எறிந்தார். கடைசிச் சுற்றில் ஓட்டங்கள் சமம். எதிரணியில் இரண்டு பேர் அவுட், மூன்று தளங்களிலும் ஆள். இன்னும் ஒரே ஒருவனை வீழ்த்திவிட்டால் ஆட்டம் நீளும். ஒரு ஓட்டம் விட்டால் தோல்வி. மட்டையைச் சுழற்றிக்கொண்டு கோல்ட்டன் வந்தான்.

ஓரெஸ்ட் பந்தை உயரமாக மிதக்கவிட்டார். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கையுறையைத் தூக்குவதற்குள் பந்து அவர் வயிற்றில் மோதி, மூச்சை அடைத்து, தொடையில் உருண்டு, இடது பூட்ஸின் வாய்க்குள் 'பொளக்' என்று இறங்கியது.

மைதானமே அவர் காலைப் பார்த்தது. ஓரெஸ்ட் மூச்சு வாங்கிக்கொண்டே காலைத் தூக்கிக் காட்டினார்.

"தரையில படல! அவுட்டு!"

"கையிலயோ கையுறையிலயோ பிடிச்சாத்தான் அவுட்," என்றாள் வெர்லா, கண்ணாடியைத் துடைத்தபடி. "போட்டிருக்கறதுக்குள்ள சிக்கிட்டா பந்து செத்துப்போச்சு. எல்லாரும் ஒரு தளம் முன்னால போங்க."

மூன்றாம் தளத்தில் நின்றவன் கல்யாண ஊர்வலம் போல நடந்து வந்து அந்த ஒரு ஓட்டத்தை எடுத்து ஜெயித்தான்.

"இந்தக் கருமத்தை மாட்டவெச்சதே நீதானேம்மா!"

"முள்ளைக் கழட்டச் சொன்னேன். பூட்ஸ் நீங்களா போட்டுட்டு வந்தது."

"அவன் மட்டை என் குடலை உருவியிருக்குமே?"

"முத்திரை இருக்கே, ஓரெஸ்ட்."

ட்ரெவர் அவர் முகத்தைப் பார்க்காமல் வந்து நின்றான். பின்னால் பசங்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். "மாமா... அடுத்த வருஷம் நீங்க ஸ்கோர் எழுதலாம். நிழல்ல நாற்காலி போட்டுத் தரேன்."

"நாற்காலில முத்திரை இருக்கான்னு முதல்ல பாத்துக்கடா."

மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். வலது பூட்ஸ் 'சளக் சளக்' என்றது. இடதில் பந்து கணுக்காலை இடித்தது.

"ஓரெஸ்ட், பந்தைக் குடுத்துட்டுப் போங்க!"

"செத்ததுதானே? நான் பொதைச்சுக்கறேன்."

நொண்டிக்கொண்டே போனார். அது அவுட்டுதான்.