கழுவெளிக்கு ஒரு பைனாகுலர்

கிளியனூர் பிரசவ விடுதியில் ஜெயம் பதினெட்டு வருஷமாக நர்ஸ். 1961 தை மாதம் ஒரே வாரத்தில் ஐந்து பிரசவம் பார்த்தாள். ஐந்தாவது குழந்தை அழவேயில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கழுவெளி ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். பனிக்காலத்தில் அங்கே ஆயிரக்கணக்கில் பறவைகள் இறங்கும். ஆனால் விழுப்புரத்தில் போட்ட தடித்த கண்ணாடி இருந்தும், தண்ணீரில் சுண்ணாம்பு சிந்தினாற்போலத்தான் அவளுக்குத் தெரியும்.

ஒரு பைனாகுலர் இருந்தால் தேவலை என்று தோன்றியது. புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது. கோட்டக்குப்பத்தில் முகம்மது கவுஸ் என்பவர், சைகோனிலிருந்து திரும்பியவர்களின் பழைய சாமான்களை விற்பதாகச் சொன்னார்கள். லீவு போட்டுக்கொண்டு போனாள்.

கவுஸ் இருந்ததிலேயே பெரியதை எடுத்துத் துடைத்தார். "பட்டாளத்துச் சாமான், நர்சம்மா. கடல்ல போற கப்பல் பேரை இங்கேர்ந்து படிக்கலாம்."

ஜெயம் கண்ணாடியோடு வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் இருட்டு, நடுவில் காசளவு வெளிச்சம். அதில் எதிர்வீட்டு ஓடு ஒன்று நடுங்கியது.

"கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க."

கழற்றினாள். வட்டம் விரிந்தது. ஆனால் திருகைச் சுற்றச் சுற்ற, ஓட்டுக்கு நிழல் விழுந்தாற்போல இரண்டு விளிம்பு. அவள் கண்ணுக்குக் கிட்டப்பார்வை மட்டுமல்ல, விளிம்புகளை இரண்டாக்கும் கோணலும் உண்டு; அது திருகுக்கு அடங்காது.

"சரிப்படலே பாய். கண்ணாடியை ஒவ்வொரு தடவையும் கழட்டிக்கினு மாட்டிக்கினு இருந்தா பறவை நிக்குமா?"

இன்னும் இரண்டு காட்டினார். அவையும் அப்படித்தான். கால் வலித்தது. புறப்பட எழுந்தபோது உள்கதவின் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவங்களை உள்ளே அனுப்புங்க."

கவுஸின் மனைவி குல்சும் பீவி. அவளும் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். பீரோவிலிருந்து தோல் உரிந்த சிறிய பைனாகுலர் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"பெருசு பெருசா இருக்கிறது நம்ம கண்ணுக்கு ஆவாது. கண்ணு வெக்கிற எடத்துல கறுப்பு விளிம்பு ஒண்ணு இருந்துச்சு. அதை நானே திருகிக் கழட்டிட்டேன். இப்ப நம்ம மூக்குக் கண்ணாடியை ஒட்டி நிக்கும். பாரு."

ஜன்னல் வழியே ஜெயம் பார்த்தாள். தென்னை மரம் முழுசாக நின்றது. மட்டையில் காக்கை அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவள் கையை இறக்கவில்லை.

"இது உங்களுது இல்லியாக்கா?"

"எங்க அண்ணன் சைகோன்லேர்ந்து வர்றேன் வர்றேன்னு நாலு வருஷம் எழுதினாரு. புதுச்சேரிக்குக் கப்பல் வந்தா மாடியேறிப் பாத்துக்கினு இருப்பேன். போன நோன்புல அங்கேயே மவுத்தாயிட்டாரு." குல்சும் பீவி உட்கார்ந்துகொண்டாள். "இன்னும் எதைப் பாக்கிறது? நீ எடுத்துக்கினு போ. எதுனா குடு."

ஜெயத்துக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. எத்தனையோ வீடுகளில் சொல்லிச் சொல்லி அது தீர்ந்துபோயிருந்தது. இருவரும் டீ குடித்தார்கள். கையிலிருந்த பதினெட்டு ரூபாயை வைத்துவிட்டுப் புறப்பட்டாள்.

அடுத்த ஞாயிறு கழுவெளியில் வெயில் சுளீரென்று இருந்தது. கருவேல நிழலில் உட்கார்ந்து பைனாகுலரைத் தூக்கினாள். சுண்ணாம்பு பூநாரைகளாகப் பிரிந்தது. குச்சிக் கால்கள்; கொக்கி போன்ற அலகு. ஒன்று இறக்கையை விரித்ததும் உள்ளே செக்கச் செவேலென்று தெரிந்தது. பெரிய சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. ஆனால் தோள் இறங்கியது. அந்தக் குழந்தை அழாத நாளிலிருந்து காதில் இருந்த நிசப்தம் சற்று விலகியது.

"நர்சம்மா! உங்களை எங்கெல்லாம் தேடுறது!" பக்கத்து ஊர் அப்பாதுரை சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "எம் பொண்டாட்டிக்கு வலி கண்டுடுச்சு. ஜல்தி வாங்க."

"எப்பலேர்ந்து?"

"இப்பத்தான், அரைமணி நேரமா."

"மொதல் பிரசவமா? தண்ணி ஒடைஞ்சுதா?"

"மொதல்தாங்க. தண்ணியெல்லாம் ஒடையலே."

"அப்ப இன்னும் நேரம் கெடக்கு. ரெண்டு நிமிஷம் உக்காரு."

பதினெட்டு வருஷத்தில் பிரசவத்துக்குக் கூப்பிட வந்த யாரையும் அவள் உட்காரச் சொன்னதில்லை. அப்பாதுரை திகைத்து, துண்டை விரித்து உட்கார்ந்தான். ஜெயம் மறுபடி பைனாகுலரைத் தூக்கினாள். பூநாரைகள் தலையைத் தண்ணீரில் கவிழ்த்து, நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டு நிமிஷம் முழுதாகப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு சைக்கிளின் பின்னால் ஏறினாள்.